கேற்றைப் பிடித்த கை

பலெர்மோ,
7 செப்டெம்பர் 2023

மரியாயின் காவலில் இருக்கும் என் அன்பு அண்ணாவுக்கு,

தங்கச்சி கிளறா எழுதிக்கொள்வது. நானும் றெஜியும் பிள்ளையும் கடவுள் புண்ணியத்தில் சுகம். உங்கள் முழங்கால் எப்படி? திங்கட்கிழமை சாந்தா றொசாலியா மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். அந்த முழங்காலுக்கும் சேர்த்து ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். இனியாவது தைலத்தைப் பூசுங்கோ, எல்லாத்தையும் புனிதையே பார்க்கட்டும் என்று இருக்காதேயுங்கோ.

என்னடா இவள், போன் இருக்கக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நீங்கள் "ஓம் ஓம், சொல்லு" என்றுகொண்டு றோட்டைத்தான் பார்ப்பீர்கள். பேக்கரிப் பாண் வான் ஓட்டுகிறவரிடம் பாதிக் காதுதான் கிடைக்கும். இந்த விசயத்துக்கு எனக்கு முழு அண்ணா வேண்டும்.

நான் வேலைக்குப் போய்ப் பராமரிக்கிற கிழவி, சிஞ்ஞோரா நோறாவைத் தெரியும்தானே. பல்லறோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருப்பவர், யன்னலால் எட்டி மீன்காரனைச் சிசிலிப் பாசையில் ஏசுகிறவர். அவர் உங்கள் அயர்லாந்தில் பிறந்தவராம்! கப்பலில் வேலைசெய்த பலெர்மோக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்து இங்கேயே வேர் விட்டுவிட்டார். போன மாதம் அலுமாரி துடைக்கும்போது ஒரு பழைய படம் விழுந்தது. அப்போதுதான் சொன்னார்.

அந்தப் படத்தின் கொப்பியை உள்ளே வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு சின்ன நீராவி எஞ்சின் நிற்கிறது. வலது ஓரத்தில் வெள்ளைக் கேற் ஒன்று, அதைப் பிடித்தபடி ஒரு கை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்த கை. அவ்வளவுதான், மிச்ச ஆள் படத்துக்கு வெளியே.

"அது என்ரை அம்மான்ரை கை," என்றார் சிஞ்ஞோரா.

டிரம்காரா என்ற ஊரோடு முடிகிற ஒரு கிளை ரயில்பாதையில் அவருடைய அம்மா ரயில் வரும்போது றோட்டுக் கேற்றை மூடித் திறக்கிறவராக இருந்தாராம். இவர் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே அந்த அம்மா காய்ச்சலில் செத்துப்போய்விட்டார். ஒரு படமும் இல்லை. அந்தக் காலத்தில் கமரா வைத்திருந்தவர்கள் எஞ்சினைத்தான் எடுத்தார்களாம். கேற்காரியை ஆர் எடுப்பார்?

இனித்தான் விசயம். சிஞ்ஞோராவுக்குக் கண்ணின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறது. ஊசி போட்டுப் பார்த்தார்கள். ஓரப் பார்வை மிஞ்சும், நடு போய்விடும், அடுத்த கோடை வரை தாங்குமோ தெரியாது என்று டொக்ரர் சொல்லிவிட்டார். அன்று இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்து வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "கிளறா, கண் போக முதல் ஒருக்கா அம்மான்ரை முகத்தைப் பாக்கோணும்," என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணா, உங்கள் வான் அந்தப் பக்கம் போகாதா?

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கச்சி,
கிளறா

அத்லோன்,
2 ஒக்ரோபர் 2023

அன்புத் தங்கச்சி கிளறாவுக்கு,

ஆண்டவர் துணை. அண்ணன் பெனடிக்ற் எழுதுவது. முழங்கால் மழைக்கு முதல்நாளே மழையைச் சொல்லுகிறது. இந்த நாட்டில் அதற்கு ஓய்வே இல்லை. றெஜியையும் மருமகளையும் விசாரித்ததாகச் சொல்.

நான் பாண் விற்கிறவன், பிள்ளை. பொலிஸ் உளவுகாரன் இல்லை. எண்பது வருசத்துக்கு முந்திய மனுசியின் முகத்தை எங்கே போய்த் தேட? உனக்கு விசர் என்று சொல்லிக் கடிதத்தை மடித்து வைத்தேன். பிறகு அந்தக் கை மனதை விட்டுப் போகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஆகக்கூடாது என்று போன சனிக்கிழமை வானைத் திருப்பினேன்.

டிரம்காரா ஒரு கடையும் ஒரு கோயிலும்தான். பாதை கிடந்த இடத்தில் பசு மேய்கிறது. எங்கள் தலைமன்னார்ப் பாதையின் தண்டவாளம் சண்டைக்காலத்தில் பங்கர் குழிகளுக்குக் கூரை போடப் போனது. இங்கே ஒரு வெடியும் வெடிக்கவில்லை. ஆட்கள் ஏறவில்லை என்று தாங்களே கழற்றிவிட்டார்களாம். எது கூடின பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

கேற் வீடு கூரை இல்லாமல் நிற்கிறது. கேற்றின் தூண் ஒன்று இன்னும் மண்ணில் இருக்கிறது, தொட்டுப் பார்த்தேன். அதற்குப் பக்கத்தில் நின்றபோது, ஏனோ தெரியாது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரி சொன்னாள், டெனிஸ் என்ற கிழவரிடம் பழைய ரயில் படங்கள் பெட்டி பெட்டியாக இருக்கிறதாம். ஆனால் ஆள் ஒரு மாதிரியாம், எல்லாரையும் வீட்டுக்குள் விடமாட்டாராம். பார்ப்போம். பாண் கொண்டு போகிறவனுக்குத் திறக்காத கதவு இன்னும் செய்யவில்லை.

அந்த அம்மாவைப் பற்றி உன் சிஞ்ஞோராவிடம் இன்னும் கேட்டு எழுது. ஆளைத் தெரிந்தால்தானே முகத்தைத் தேடலாம்.

இப்படிக்கு,
அண்ணன் பெனடிக்ற்

பலெர்மோ,
21 ஒக்ரோபர் 2023

எப்போதும் என் செபத்தில் இருக்கும் அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தைச் சிஞ்ஞோராவுக்கு இத்தாலியனில் வாசித்தேன். தூண் நிற்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி மூன்று முறை வாசிக்க வைத்தார். நீங்கள் தொப்பியைக் கழற்றியதைக் கேட்டு, "உன்ரை அண்ணா பெரிய மனுசன்," என்றார். கேட்டீர்களா? உங்களை அப்படிச் சொன்ன முதல் ஆள் அவர்தான், வைத்துக் கொண்டாடுங்கோ.

அவருடைய அம்மா கதையைக் கேளுங்கோ. ஒருநாள் ஆயரின் கார் கேற்றடிக்கு வந்ததாம். ரயில் இன்னும் கண்ணில் தெரியவில்லை. சாரதி இறங்கி வந்து, "ஆண்டகை உறுதிப்பூசுதலுக்குப் போறார், கெதியாத் திற," என்றானாம். அம்மா அசையவில்லை. "ரயிலுக்குப் பொறுமை இல்லை, ஆண்டகைக்கு இருக்கும். அதுக்காகத்தானே அவரை ஆயர் ஆக்கினவை," என்றாராம். அம்மா உள்ளே போய் ஒரு குவளை மோர் கொண்டுவந்து கார் யன்னலுக்குள்ளால் நீட்டினாராம். ஆயர் குடித்தார். ரயில் போனது. பிறகு ஆயர் தானே இறங்கி, ஒரு பக்கக் கேற்றை அம்மா திறக்க மற்றப் பக்கத்தை அவர் திறந்தாராம். அங்கியெல்லாம் சேறு!

எழுத்துக்கூட ஒழுங்காகத் தெரியாத மனுசியாம். எட்டுப் பிள்ளை. கோழி, பசு, தோட்டம். அதற்குள் ஒவ்வொரு ரயிலுக்கும் கை துடைத்துக்கொண்டு ஓடிப்போய் நின்றிருக்கிறார். என்ன மனுசி!

"எப்பவும் சிரிச்ச முகம் எண்டு அக்காமார் சொல்லுவினம்," என்றார் சிஞ்ஞோரா. "அந்தச் சிரிப்பை நினைச்சுப் பாக்கிறன், பாக்கிறன், வருகுதில்லை."

உங்கள் முழங்காலுக்கு றெஜி ஒரு தைலம் அனுப்புகிறார். மணத்துக்குப் பயப்படாதேயுங்கோ.

அன்புள்ள,
கிளறா

அத்லோன்,
26 நவம்பர் 2023

என் தங்கச்சிக்கு,

சுகம், சுகம், சுகம்! நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன், பிள்ளை!

டெனிஸ் கிழவர் முதல் இரண்டு தரமும் கதவின் இடுக்கால் பாணை வாங்கிக்கொண்டு பூட்டிவிட்டார். மூன்றாம் தரம் ஆயரின் மோர்க்கதையைச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் ஓடியது. உள்ளே விட்டார். தேத்தண்ணி கறுப்பு மை மாதிரி இருந்தது, குடித்தேன், உன் சிஞ்ஞோராவுக்காக.

படமெல்லாம் எடுத்தது அவருடைய சித்தப்பா, ஒரு சுவாமியார். பூசை முடிந்த கையோடு அங்கியை மடித்துச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ரயில் பார்க்கப் போகிறவராம். மழையில் நனைந்து, சேற்றில் படுத்தெல்லாம் எடுத்திருக்கிறார். அந்தப் பாதை மூடப்படும் என்று ஆரும் நினைக்காத காலத்திலேயே ஒவ்வொரு எஞ்சினையும் எடுத்து வைத்த மனுசனை என்னவென்று சொல்ல? அவர் இல்லையென்றால் இன்று ஒன்றும் இல்லை.

ஆனால் எஞ்சின் சரியாக நடுவில் வரவேண்டும் என்று, அச்சடிக்கும்போது ஓரங்களை வெட்டிவிட்டிருக்கிறார். கண்ணாடி நெகற்றிவ்கள் வெட்டாமல் பெட்டியில் இருந்தன. உன் படத்தின் நெகற்றிவ்வை டெனிஸ் தேடி எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கை, கைக்குப் பின்னால் தோள், தோளுக்கு மேலே முகம். நெகற்றிவ்வில் அவர் எங்கள் நிறம், கிளறா! கறுத்த முகமும் வெள்ளைத் தலையுமாக எங்கள் ஊர்ப் பேசாலை மனுசி ஒருத்தி அயர்லாந்துக் கேற்றடியில் நின்றா.

டெனிஸ் அதைக் கணினியில் மாற்றித் தந்தார். மடித்த சட்டைக்கை, புருசனின் பழைய சப்பாத்து, முன்னுக்கு மாப் பூசின ஏப்ரன். எஞ்சின் சாரதி ஏதோ பகிடி விட்டிருக்க வேண்டும், வாய் நிறையச் சிரிப்பு, முன்பல் ஒன்று இல்லை.

இப்படியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தாய்க்கு ஒரு மரியாதை வேண்டாமா? பொறு. பாலன் பிறக்கிற நத்தாருக்கு வடிவாகச் செய்து சட்டம் போட்டு அனுப்புகிறேன். சிஞ்ஞோராவிடம் இப்போது ஒன்றும் சொல்லாதே.

சந்தோசத்தோடு,
அண்ணன்

பலெர்மோ,
6 சனவரி 2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூவிராசாக்கள் திருநாள் வாழ்த்துக்கள். பார்சல் பத்திரமாகக் கிடைத்தது. மகளுக்கு அனுப்பிய கம்பளித் தொப்பி அளவாக இருக்கிறது. கேக்கை றெஜி ஒரே இருப்பில் முடித்துவிட்டார். நத்தார்ப் பூசையில் எங்கள் தமிழ்ப் பாடகர் குழு நன்றாகப் பாடியது. இங்கே குளிர் பரவாயில்லை. சியாகுல்லித் தோட்டங்களில் மன்டரின் பழம் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள், றெஜிக்கு வேலை கூட.

சிஞ்ஞோரா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். படத்தை அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறோம்.

உடம்பைக் கவனியுங்கோ.

கிளறா

அத்லோன்,
22 சனவரி 2024

கிளறாவுக்கு,

நான் சுகம். மூன்று மாதமாக ஒரு படத்துக்காக ஊர் ஊராகத் திரிந்திருக்கிறேன். நீ கேக்கைப் பற்றி எழுதுகிறாய், தொப்பியைப் பற்றி எழுதுகிறாய், மன்டரினைப் பற்றி எழுதுகிறாய். படத்துக்கு ஒரு வரி. அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறீர்களாம்! அது என்ன, பழைய சூட்கேசா?

மன்னாரில் இருக்கிற எங்கள் அகஸ்ரினின் ஸ்ரூடியோவுக்கு அனுப்பிச் செய்வித்தேன். அவனைப்போல் ஆர் செய்வான்? எங்கள் அம்மாவின் அஞ்சலிப் படத்தைச் செய்தவனும் அவன்தானே. சிஞ்ஞோரா அழுதாரா, சிரித்தாரா, என்ன சொன்னார்? ஒளிக்காமல் எழுது.

பெனடிக்ற்

பலெர்மோ,
4 பெப்ரவரி 2024

அன்பு அண்ணாவுக்கு,

கோவிக்காமல் வாசியுங்கோ. தேத்தண்ணி குடித்துவிட்டு வாசித்தால் இன்னும் நல்லது.

நத்தார் மத்தியானம் சிஞ்ஞோரா தன் நீலச் சட்டையைப் போட்டு, தலை சீவிக்கொண்டு, கதிரையில் நிமிர்ந்து இருந்தார். நான் காகிதத்தைப் பிரித்துப் படத்தை மடியில் வைத்தேன். அப்போது இடதுகண்ணில் பூதக்கண்ணாடியோடு இன்னும் நடுவால் பார்க்கக்கூடியதாக இருந்தது. நன்றாக, ஆறுதலாகப் பார்த்தார்.

"வடிவான மனுசி," என்றார். "ஆர் இவ?"

"உங்கடை அம்மா," என்றேன்.

மறுபடி பார்த்தார். "முத்துமாலை போட்டிருக்கிறா. என்ரை அம்மாட்டைச் செபமாலை மட்டும்தான் இருந்தது." பிறகு, "கேற்றை எங்கை? கேற்றை விட்டுட்டு அம்மா எங்கையும் போகமாட்டா, கிளறா."

அண்ணா, அகஸ்ரின் கேற்றையும் எஞ்சினையும் எடுத்துவிட்டு நீலத்திரை போட்டிருக்கிறான். ஏப்ரனுக்குப் பட்டுச் சட்டை. சுற்றிவர றோசாப்பூ. அதெல்லாம் போகட்டும். செத்தவர்கள் படத்தில் பல்லுத் தெரியச் சிரிக்கக் கூடாது என்று எங்கள் வழக்கப்படி வாயை மூடிவிட்டான். சிஞ்ஞோரா வாழ்க்கை முழுக்கத் தேடினது அந்தச் சிரிப்பை.

அவர் உங்களை ஒரு குறையும் சொல்லவில்லை. "உன்ரை அண்ணா அம்மாவை ராணி ஆக்கிப்போட்டார், நன்றி எண்டு எழுது," என்றார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று வேதக்காரர் நாங்களும் சொல்லலாம்தானே.

எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற அம்மாவின் படத்தைப் பார்க்கும்போதும் எனக்கு... சரி, அது வேறு கதை.

உண்மைப் படத்தை, டெனிஸ் தந்தபடியே, கெதியாக அனுப்புங்கோ. டொக்ரர் போன கிழமை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

உங்கள் தங்கச்சி,
கிளறா

பலெர்மோ,
19 மார்ச் 2024

என் அண்ணாவுக்கு,

சுகமா? புனித சூசையப்பர் திருநாள் வாழ்த்துக்கள். ஆறு கிழமையாக உங்களிடமிருந்து ஒரு எழுத்தும் இல்லை. போன் எடுத்தால், "வான் ஓட்டுறன், பிறகு" என்கிறீர்கள். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. கோவம் என்றால் ஏசுங்கோ, அண்ணா. நீங்கள் ஏசினால் எனக்குப் பழக்கம், நீங்கள் பேசாமல் இருந்தால்தான் பழக்கம் இல்லை.

றெஜி கடைசி மன்டரின்களில் ஒரு பெட்டி உங்களுக்கும் டெனிசுக்கும் அனுப்பியிருக்கிறார். சிஞ்ஞோராவே ஒவ்வொன்றாக மணந்து பொறுக்கினார்.

பார்வையைப் பற்றி எழுதாமல் விட மனம் வரவில்லை. இடதுகண்ணின் நடுவும் போய்விட்டது. நேற்றுக் காலை கோப்பி கொடுக்கப் போனேன். என்னையே பார்த்துவிட்டு, "கிளறா, உன்ரை காது ரெண்டும் தெரியுது, தோடு தெரியுது, முகத்தைக் காணேல்லை," என்றார். பிறகு தானே சிரித்து, "நல்ல காது," என்றார். அப்படி ஒரு மனுசி. குசினிக்குள் போய்த்தான் அழுதேன்.

இனிப் படம் வந்தும் என்ன என்று தெரியவில்லை. ஆனாலும் அனுப்புங்கோ.

கிளறா

அத்லோன்,
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உன்னோடு. மன்டரின் தேன். டெனிஸ் தோலைக்கூட எறியவில்லை, அடுப்புக்கு மேலே காயப் போட்டு மணக்கிறார்.

கோவம்தான் முதலில். உன் கடிதத்தைக் கசக்கி வானுக்குள் எறிந்தேன். பாண் தட்டுகளுக்குக் கீழே கிடந்து ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்டது. எடுத்து விரித்து வாசித்தேன். பிறகு டெனிசிடம் போனால் வீடு பூட்டு. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில். அவர் இல்லாமல் அந்தப் பெட்டிகளை ஆரும் தொடமாட்டார்கள். ஒவ்வொரு வெள்ளியும் போய்ப் பார்த்தேன். உனக்கு என்னவென்று எழுத? ஈஸ்டருக்குப் பிறகுதான் வீடு வந்தார்.

அகஸ்ரின் செய்த படத்தைப் போனில் காட்டினேன். கிழவர் சிரித்த சிரிப்பில் மறுபடி ஆஸ்பத்திரிதான் என்று பயந்தேன். பிறகு, "உனக்கு அவவிலை எவ்வளவு மதிப்பு இருந்தா இப்பிடிச் செய்திருப்பாய்," என்று என் முதுகில் தட்டினார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறியது.

இரண்டு பேருமாக நெகற்றிவ்வைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய், மேசை அளவில் அடித்தோம். ஒரு நூலும் வெட்டவில்லை, ஒன்றும் திருத்தவில்லை. எஞ்சின், கேற், சேறு, மா, இல்லாத பல், எல்லாம் இருக்கிறது. சிஞ்ஞோராவுக்குக் கண் தெரியாவிட்டால் நீ பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடு. நீ நன்றாகச் சொல்லுவாய்.

சுருட்டி அனுப்பியதற்குள் இன்னொரு சுருள் இருக்கும். உன் கடிதத்தில் நீ ஒரு வசனத்தை முடிக்கவில்லை. அது உனக்கு.

அண்ணன் பெனடிக்ற்

பலெர்மோ,
19 மே 2024

ஆயிரம் முறை முத்தமிட வேண்டிய கையை உடைய என் அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். முழங்கால் சுகம் என்று எழுதுங்கோ, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, இன்று எனக்கு நல்ல செய்திதான் வேண்டும்.

படம் வெள்ளிக்கிழமை வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து நாலு மூலைக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சிஞ்ஞோராவைக் கதிரையோடு கிட்ட இழுத்து, "வலது பக்கம், இஞ்சை, அம்மா நிக்கிறா," என்று விரலைப் பிடித்துக் காட்டினேன். குனிந்தார். அந்த இடத்தைப் பார்த்தார். பார்க்கப் பார்க்க முகம் வாடியது.

"நான் பாக்க அவ மறையிறா," என்றார். "பாக்கிற இடமெல்லாம் ஓட்டை." கண்ணால் தண்ணீர் விழுந்தது. படம் நனைந்துவிடும் என்று அந்த நேரத்திலும் தானே தலையை ஒதுக்கினார்.

ஏதாவது கதைக்க வேண்டும் என்பதற்காக, "சரி, அம்மாவை விடுங்கோ. எஞ்சினைப் பாருங்கோ, என்ன வடிவு," என்றேன். விசர்க்கதைதான். அவரும் என் மனதுக்காக எஞ்சின் பக்கம் திரும்பினார்.

அப்படியே அசையாமல் இருந்துவிட்டார். நான் பயந்தே போனேன்.

"கிளறா," என்றார் மெல்ல. "எஞ்சின் மறைஞ்சு போட்டுது. ஒண்டும் இல்லை, வெறும் புகை. ஆனா பக்கத்திலை அம்மா நிக்கிறா. சிரிக்கிறா!"

அண்ணா, சுவாமியார் நடுவில் வைத்த எஞ்சினைப் பார்த்தால்தான் ஓரத்தில் நிற்கிற தாய் இவருக்குத் தெரிகிறார். அன்று பின்னேரம் முழுக்க எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுநடுவே, "பல்லு இல்லை, பாத்தியே!" என்று கைதட்டினார். நான் சந்தைக்குப் போய்வந்தேன், சமைத்தேன், அவர் எழும்பவில்லை. சாப்பிட மேசை வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை. மடியில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டோம்.

பிறகு மற்றச் சுருளை விரித்தேன்.

எங்கள் அம்மா செத்தபோது எனக்கு இங்கே தங்கும் அனுமதி, பெர்மேசோ, வராமல் ஊருக்குப் போக முடியாமல் இருந்தது. பிறகு நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் இவ்வளவு காலமும் சுவரில் பார்த்துக்கொண்டு இருந்தேன். பட்டுச்சேலை, பதக்கச் சங்கிலி, மூடின வாய். செபம் சொல்லுவேன், பூ வைப்பேன், ஆனால் ஒருநாளும் அதோடு கதைக்க முடியவில்லை. அதை உங்களிடம் எப்படிச் சொல்வது? அவ்வளவு ஆசையாகச் செய்வித்து அனுப்பியிருந்தீர்கள்.

அந்தச் சுவர்ப்படத்து முகத்தை அகஸ்ரின் எங்கிருந்து வெட்டி எடுத்தான் என்று இந்தச் சுருளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நடுவில் நீங்கள், புதுச் சைக்கிளோடு, மாப்பிள்ளை மாதிரி. தலைக்கு எவ்வளவு எண்ணெய்! ஓரத்தில் கருவாடு காயப்போட்ட பாய். அதற்குப் பக்கத்தில் அம்மா, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, காகத்துக்குக் கையை ஓங்கியபடி, உங்களைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறா. அண்ணா, எங்கள் அம்மா!

நான் அழுகிற சத்தம் கேட்டுச் சிஞ்ஞோரா, "கொண்டா, நானும் பாப்பம்," என்றார். உங்கள் படத்தையும் மேசையில் விரித்து வைத்தேன். பழக்கத்தில் நடுவைப் பார்த்தார், கனநேரம் பார்த்தார்.

"நடுவிலை நிக்கிற பொடியனை எனக்குத் தெரியேல்லை," என்றார். "ஆனா பக்கத்திலை உன்ரை அம்மா வடிவாத் தெரியிறா."

உங்கள்,
கிளறா